அத்தியாயம் 9: தரைச்சூடும் தெர்மோஸ்டாட்டும்

தெர்மோஸ்டாட்டைச் சுவரில் மாட்டுவது ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. மெயினிலிருந்து வரும் ஒயர் இரண்டு, தரைக்குப் போகும் ஒயர் இரண்டு, சென்சாருக்கு இரண்டு. ஆறு திருகுகளை இறுக்கினால் ஆயிற்று. இதற்கு ஒரு முழு அத்தியாயமா என்று கேட்பீர்கள். மின்சாரத் தரைச்சூடு போட்ட வீடுகளில் எழும் தலைவலிகளுக்குக் காரணம் பெரும்பாலும் டைலுக்கு அடியில்தான் இருக்கிறது. சுவரில் நடந்த பிழையைத் திருகைக் கழற்றிச் சரிசெய்துவிடலாம். தரையில் நடந்த பிழைக்கு டைலை உடைக்க வேண்டும். ஆகவே நாமும் தரையிலிருந்தே தொடங்குவோம்.

உதாரணத்துக்கு, லண்டன் புறநகர் டெரஸ் வீடு ஒன்றின் மாடிக் குளியலறையை எடுத்துக்கொள்வோம். 2.4 மீட்டருக்கு 2.1 மீட்டர். ஜனவரி மாதக் காலையில் அந்த டைலில் வெறுங்காலை வைத்தவர்களுக்கு இந்த வேலை எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை.

யார் செய்யலாம், எங்கே வைக்கலாம்

இங்கிலாந்தில் வீட்டு மின்வேலையைக் கட்டுப்படுத்துவது கட்டட விதிகளின் ‘பார்ட் பி’. வீட்டின் ஃபியூஸ் பெட்டியான கன்ஸ்யூமர் யூனிட்டிலிருந்து புது சர்க்யூட் இழுத்தாலும், குளியல் தொட்டிக்கோ ஷவருக்கோ அருகில் ஏற்கெனவே உள்ள சர்க்யூட்டில் எதையாவது புதிதாகச் சேர்த்தாலும், கவுன்சிலின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குத் தெரிவித்தாக வேண்டும். என்.ஐ.சி.இ.ஐ.சி., நாப்பிட் போன்ற திட்டங்களில் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் செய்தால் அவரே சான்று கொடுத்து, தெரிவிக்கும் வேலையையும் பார்த்துக்கொள்வார். பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் புதியதை மாட்டுவதற்கு இந்தத் தொல்லை இல்லை. வேல்ஸ், ஸ்காட்லாந்து விதிகள் வேறு. அங்கே இருப்பவர்கள் தங்கள் கவுன்சிலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் வேலையைப் பிரித்துக்கொள்வதே நல்லது. தரையைச் சுத்தம் செய்வது, இன்சுலேஷன் பலகை பதிப்பது, சூடாகும் கேபிளை வலையில் பொருத்திய மேட்டை விரிப்பது, ஓம் கணக்குப் பார்ப்பது எல்லாம் நீங்கள் செய்யலாம். மெயின் இணைப்பும் சோதனைச் சான்றும் எலக்ட்ரீஷியனுடையவை. ஆனால் அவரை டைல் ஒட்டும் முன்பே ஒரு முறை வரவழையுங்கள். தான் பார்க்காத, அளக்காத மேட்டுக்குக் கையெழுத்துப் போட எந்த நல்ல எலக்ட்ரீஷியனும் தயங்குவார். தயங்காதவர் வந்தால் நீங்கள்தான் தயங்க வேண்டும்.

குளியலறையில் இடத்தை முடிவு செய்வது பி.எஸ். 7671 என்ற மின்னிணைப்புத் தரவிதி சொல்லும் வலயங்கள். தொட்டிக்கும் ஷவர் தட்டுக்கும் நேர் மேலே 2.25 மீட்டர் உயரம் வரை வலயம் 1. அதன் ஓரத்திலிருந்து இன்னும் 0.6 மீட்டர் தள்ளி வலயம் 2. தட்டே இல்லாமல் தரையிலேயே தண்ணீர் வடியும் ஷவர் என்றால், நீர்க்குழாய் முனையிலிருந்து 1.2 மீட்டர் வரை வலயம் 1. சாதாரண தெர்மோஸ்டாட் இவற்றுக்குள் வரவே கூடாது. சிறிய குளியலறையில் இதெல்லாம் போக மிஞ்சும் சுவர் அநேகமாகக் கதவோரம் மட்டும்தான், அங்கேயும் ஆவி படியும். பேசாமல் வெளியே, நடைவழிச் சுவரில் வைத்துவிடுங்கள். பெரும்பாலான தயாரிப்பாளர்களும் அதையே கேட்கிறார்கள். உயரம் தரையிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர். வெயில் படும் இடம், ரேடியேட்டருக்கு மேல், கதவு திறந்தால் மறையும் மூலை ஆகியவற்றைத் தவிருங்கள்.

இரண்டு ஆம்பியர் கணக்கு

சூடேற்ற வேண்டியது காலடி படும் தரையை மட்டும்தான். நம் குளியலறையின் பரப்பு ஏறக்குறைய 5 சதுர மீட்டர். தொட்டி 1.7-க்கு 0.7 மீட்டர் என்றால் அதற்கு 1.2 சதுர மீட்டர் போயிற்று. கழிப்பறைப் பீங்கான், வாஷ்பேசின் அடிப்பகுதி, சுவரோர இடைவெளி எல்லாம் கழித்தால் 3 சதுர மீட்டர் மிஞ்சும். டைலுக்கு அடியில் சதுர மீட்டருக்கு 150 வாட் மேட் வழக்கம். ஆக மொத்தம் 450 வாட்.

இந்த 450 வாட்டால் குளியலறையை முழுவதுமாகச் சூடாக்கிவிடலாம் என்று விற்பனையாளர் சொன்னால், வெளிச்சுவர் எத்தனை, ஜன்னல் எப்படி என்று திருப்பிக் கேளுங்கள். ஒற்றைச் செங்கல் சுவர் வைத்த விக்டோரிய காலத்து வீட்டில் இது காலுக்கு இதம் தரும், டைலை உலர்த்தும், அவ்வளவே. டவல் ரேடியேட்டரைக் கழற்றிவிடாதீர்கள்.

230 வோல்ட்டில் 450 வாட் என்றால் ஏறக்குறைய 2 ஆம்பியர். சந்தையில் கிடைக்கும் தெர்மோஸ்டாட்டுகள் பெரும்பாலும் 16 ஆம்பியர், அதாவது ஏறத்தாழ 3.6 கிலோவாட் தாங்குபவை. எனவே இந்த அறைக்கு எந்தத் தெர்மோஸ்டாட்டும் தாராளம். திறந்த சமையலறையும் கூடமும் சேர்த்து 25 சதுர மீட்டருக்கு மேட் விரிக்கிறவர்கள்தான் கணக்கைப் பார்க்க வேண்டும். 150 வாட் வீதம் அது 3,750 வாட். ஒரு தெர்மோஸ்டாட்டுக்கு அது அதிகம். இரண்டு பகுதியாகப் பிரியுங்கள், இல்லையேல் இடையில் கான்டாக்டர் (பெரிய மின்சுமையைத் தாங்கும் ரிலே) வைக்கச் சொல்லுங்கள்.

மின்சாரம் ஃபியூஸ்டு ஸ்பர் ஒன்றின் வழியாக வரட்டும். 2 ஆம்பியருக்கு 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். கூடவே, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. பாதுகாப்பு கட்டாயம். பழைய கன்ஸ்யூமர் யூனிட்டில் அது இல்லையென்றால் செலவு அங்கிருந்தே தொடங்கும். மேட் வாங்கும் முன் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

சென்சார்

சென்சாரின் உறையைப் பிரித்தால் மூன்று மீட்டர் மெல்லிய ஒயரும், நுனியில் சுண்டுவிரல் நகத்தளவு ஒரு பிளாஸ்டிக் குமிழும் இருக்கும். மேட்டின் விலையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் தெர்மோஸ்டாட்டுக்குத் தரையைப் பற்றித் தெரிவதெல்லாம் இந்தக் குமிழ் சொல்வதுதான்.

அதற்குள் இருப்பது ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். 10 கிலோ ஓம் வகை என்றால், 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும். 20 டிகிரியில் ஏறக்குறைய 12.5, 30 டிகிரியில் 8. மல்டிமீட்டரின் இரு முனைகளையும் சென்சார் ஒயரில் பிடித்துவிட்டு, குமிழை உள்ளங்கைக்குள் வைத்து மூடிப் பாருங்கள். எண் மெல்ல இறங்கிக்கொண்டே வரும். கையை எடுத்தால் மறுபடி ஏறும். இறங்காமல் அப்படியே நின்றாலோ, மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டாலோ அந்தச் சென்சாரைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். தரையில் பதித்த பிறகு இந்தச் சோதனைக்கு வழியில்லை.

பதிக்கும் இடத்துக்கு வருவோம். மேட்டில் கேபிள் பாம்பு போல வளைந்து வளைந்து போகும். அடுத்தடுத்த இரண்டு வரிகளுக்குச் சரியாக நடுவே குமிழ் உட்கார வேண்டும். ஒரு வரியை ஒட்டிப் படுத்தால் கேபிளின் சூட்டையே தரையின் சூடு என்று நம்பி, தெர்மோஸ்டாட் சீக்கிரமே அணைத்துவிடும். டைல் வெதுவெதுப்போடு நின்றுவிடும். மேட்டின் ஓரத்தில் வைத்தால் அதற்கு நேர் எதிரான கோளாறு. வெந்நீர்க் குழாய்க்கு மேலும் வேண்டாம். பின்னாளில் துணிக்கூடை, எடை பார்க்கும் கருவி, தடித்த மிதியடி வைக்கப்போகும் இடத்திலும் வேண்டாம். சூடேறும் பகுதிக்குள் 30 சென்டிமீட்டராவது உள்ளே போகட்டும். சென்சார் ஒயர் எந்த இடத்திலும் சூடாகும் கேபிளைக் குறுக்கே கடக்கக் கூடாது. மேட்டின் திறந்த பக்கத்திலிருந்து இரண்டு வரிகளுக்கு இடையே நுழைத்தால் கடக்க வேண்டிய தேவையே வராது.

அடுத்தது பைப். சென்சாரை வெறுமனே டைல் பசைக்குள் புதைத்துவிடுவது எளிது. ஆனால் பல ஆண்டுகள் கழித்து அது செத்துப்போனால் மாற்ற முடியாது. இன்சுலேஷன் பலகையில் ஒரு கால்வாய் வெட்டி, மெல்லிய பிளாஸ்டிக் பைப் ஒன்றைப் படுக்கவைத்து, அதன் வழியாகச் சென்சாரைச் செலுத்துங்கள். தரைக்குள் இருக்கும் பைப் முனையை டேப் சுற்றி அடைத்துவிட வேண்டும். ஓட்டை இருந்தால் பசை உள்ளே ஒழுகிச் சென்சாரைச் சிறைப்பிடித்துவிடும். தரையிலிருந்து சுவருக்கு ஏறும் இடத்தில் பைப் செங்குத்தாக மடங்காமல் அகலமாக வளையட்டும். எல்லாம் ஆனதும் ஒயரை மேலிருந்து முழுவதும் உருவி வெளியே எடுத்து, மறுபடி உள்ளே தள்ளிப் பாருங்கள். இப்போது எளிதாகப் போனால் பத்து ஆண்டுகள் கழித்தும் போக வாய்ப்புண்டு. பைப் போட இடமே இல்லாத மெல்லிய தரையா? இரண்டாவது சென்சார் ஒன்றையும் சேர்த்துப் புதைத்து, அதன் ஒயரை டேப் சுற்றிச் சுவர்ப் பெட்டிக்குள் மடித்து வைத்துவிடுங்கள்.

மூன்று அளவுகள்

மேட்டோடு வரும் அட்டையில் மூன்று கட்டங்கள் இருக்கும்: விரிக்கும் முன், விரித்த பின், டைல் ஒட்டிய பின். உத்தரவாதத்துக்கு உயிர்நாடி இந்த அட்டைதான். நிரப்பாத அட்டையோடு நிறுவனத்துக்குப் போன் செய்வது வீண்வேலை.

அளக்க வேண்டியது இரண்டு. முதலாவது கேபிளின் மின்தடை. வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் கிடைக்கும்: 230 பெருக்கல் 230, அது 52,900, 450-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 118 ஓம். ஐந்து சதவீதம் குறைவு, பத்து சதவீதம் கூடுதல் வரை பொதுவாக ஏற்கத்தக்கது. அதாவது 112-க்கும் 129-க்கும் இடையில். பெட்டியின் மேல் 450 வாட் என்று எழுதியிருந்து மீட்டர் 88 ஓம் காட்டினால், உள்ளே இருப்பது 600 வாட் மேட். அதை இப்போது கண்டுபிடிப்பது நல்லது. இரண்டு மேட் போடுகிறீர்கள் என்றால் இரண்டையும் பேரலலாகத்தான் இணைக்க வேண்டும். அப்போது மொத்த வாட்டைக் கூட்டி அதே கணக்கைப் போடுங்கள்.

இரண்டாவது இன்சுலேஷன் சோதனை. ஃபேஸும் நியூட்ரலும் ஒரு பக்கம், எர்த் மறுபக்கம், இடையே 500 வோல்ட் செலுத்திப் பார்ப்பது. இதற்கு மல்டிமீட்டர் போதாது, மெகர் வேண்டும். அதனால்தான் எலக்ட்ரீஷியனை முன்பே கூப்பிடச் சொன்னேன். பி.எஸ். 7671 கேட்கும் குறைந்தபட்சம் 1 மெகா ஓம். தயாரிப்பாளர்கள் பலர் அதைவிட அதிகமாகக் கேட்பார்கள். புது மேட் நல்ல நிலையில் இருந்தால் மீட்டரின் எல்லையையே தொடும்.

சூடாகும் கேபிளை ஒருபோதும் வெட்டக் கூடாது. மூலையில் திரும்ப வேண்டுமானால் வலையை மட்டும் வெட்டி மேட்டைத் திருப்புங்கள். சூடாகாத வால்ஒயரும் கேபிளும் சேரும் முடிச்சு தரையிலேயே, டைல் பசைக்குள் முழுவதும் மூழ்கியிருக்க வேண்டும். அதைச் சுவர்ப் பைப்புக்குள் இழுத்துவிட்டால் அங்கே சூடு தேங்கும். சுருட்டி வைத்த நிலையில் மேட்டுக்கு மின்சாரம் கொடுத்து ‘வேலை செய்கிறதா’ என்று பார்க்கும் ஆசையையும் அடக்குங்கள். ஓம் எண் சரியென்றால் அது வேலை செய்யும்.

இனி டைல் ஒட்டுபவர். பல் வைத்த இரும்புக் கரண்டியின் ஒரு மூலை பட்டாலே கேபிளின் தோல் போய்விடும். பிளாஸ்டிக் கரண்டி கொடுங்கள். மேட்டின் மேல் முழங்கால் ஊன்ற ஒரு அட்டையும் போட்டுக் கொடுங்கள். மேட்டின் வால்ஒயரில் மாட்டிவிடக்கூடிய சின்ன எச்சரிக்கைப் பெட்டி கிடைக்கிறது. வேலை நடக்கும்போது கேபிள் அறுந்தால் அந்த நொடியே கத்தும். விலை அதிகமில்லை. பசை ஈரமாக இருக்கும்போது டைலைத் தூக்குவதற்கும், காய்ந்த பிறகு உடைப்பதற்கும் உள்ள செலவு வித்தியாசத்தை நினைத்துக்கொண்டு வாங்குங்கள்.

சுவரில் ஆறு திருகுகள்

சுவர்ப் பெட்டி குறைந்தது 35 மில்லிமீட்டர் ஆழம். சில மாடல்களுக்கு அதுவும் பிடிக்காது. கையேட்டைப் பார்த்து 47 போடுங்கள். பெட்டியிலிருந்து தரைக்கு நேர் செங்குத்தாக இரண்டு பைப்: ஒன்றில் வால்ஒயர், மற்றதில் சென்சார். சாய்வாகக் குழி வெட்டாதீர்கள். சுவரில் ஒரு சுவிட்சைப் பார்த்தால் அதற்கு நேர் கீழேயும் நேர் பக்கத்திலும் ஒயர் இருக்கும் என்பதுதான் பின்னால் ஆணி அடிப்பவர் எடுத்துக்கொள்ளும் கணக்கு.

மெயினை அணைப்பது என்றால் ஸ்பர் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. கன்ஸ்யூமர் யூனிட்டில் அந்த எம்.சி.பி.யை இறக்கிப் பூட்டுங்கள். வோல்டேஜ் இருக்கிறதா என்று பார்க்கும் கருவியை முதலில் உயிருள்ள ஓர் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதென உறுதிசெய்து, பிறகு நம் ஒயர்களில் பார்த்து, மறுபடி உயிருள்ள இடத்தில் பாருங்கள். நடுவில் கருவியே செத்துப்போயிருந்தால் அது காட்டும் ‘இல்லை’ உங்களைக் கொன்றுவிடும். ஊரில் பழகிய டெஸ்டர் ஸ்குரூ டிரைவரை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம்.

நிறங்கள்: பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். 2006-க்கு முன் ஒயரிங் செய்த வீடென்றால் சிவப்பும் கறுப்பும் வரலாம். அப்போது கறுப்புதான் நியூட்ரல். தெர்மோஸ்டாட்டின் பின்புறம் எல், என் என்று இரண்டு முனைகள் மெயினுக்கும், அம்புக்குறியோ எல்1, என்1 என்ற குறியோ போட்ட இரண்டு முனைகள் ஹீட்டருக்கும் இருக்கும். இவை மாறிப்போவதுதான் சுவரில் நடக்கும் வழக்கமான பிழை. சென்சாருக்கு எந்த ஒயர் எந்த முனை என்ற பேதம் இல்லை. ஆனால் சில மாடல்களில் சென்சார் முனைகளிலும் மெயின் வோல்டேஜ் இருக்கக்கூடும். ஒயர் மெல்லியதாக இருக்கிறதே என்று சுவிட்ச் போட்ட நிலையில் தொடாதீர்கள். மிச்சமிருந்த டெலிபோன் ஒயரைக் கொண்டு அதை நீட்டவும் வேண்டாம்.

எர்த் பற்றிக் குழப்பம் வரும். பல தெர்மோஸ்டாட்டுகளில் எர்த் முனையே கிடையாது. அதற்காக மேட்டின் எர்த்தை அந்தரத்தில் விட்டுவிடக் கூடாது. மேட் கேபிளைச் சுற்றியிருக்கும் உலோகப் பின்னலிலிருந்து வருவது அது. ஈரத் தரையில் உயிரைக் காப்பதும் அதுதான். மெயின் எர்த்தையும் மேட் எர்த்தையும் பெட்டிக்குள்ளேயே தனிக் கனெக்டர் ஒன்றில் சேர்த்துவிடுங்கள். உலோகப் பெட்டி என்றால் அதற்கும் ஒரு துண்டு.

வால்ஒயரின் இழைகள் மெல்லியவை. திருகுக்கு அடியில் பிரிந்து ஓடும். நுனியில் ஃபெரூல் மாட்டி அமுக்கினால் பிடிப்பு நிற்கும். ஒவ்வொரு ஒயரையும் இறுக்கிய பின் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். பிறகு ஒயர்களை மடித்துத் தள்ளி முகப்பை மாட்டும்போது அடம்பிடித்தால் அழுத்தாதீர்கள். பின்னால் ஏதோ ஒயர் நசுங்குகிறது என்று அர்த்தம். கழற்றி, மடிப்பை மாற்றி, மறுபடி.

முதல் முறை போடும்போது

பசை உலராமல் போடக் கூடாது. டைல் பசைக்குக் குறைந்தது ஒரு வாரம், ஸ்கிரீட் ஊற்றியிருந்தால் வாரக்கணக்கில். பசைப் பையில் எழுதியிருப்பதே சட்டம். ஈரத்தை மேட்டைக் கொண்டு ‘சீக்கிரம் காயவைக்கலாம்’ என்று யாராவது யோசனை சொன்னால், டைல் விரிசலுக்கு அவர் பணம் கொடுப்பாரா என்று கேளுங்கள்.

திரை ஒளிர்ந்ததும் எல்லோரும் கைப்பேசியை எடுத்து வைஃபை இணைப்பில் இறங்கிவிடுகிறார்கள். அது கடைசியில் செய்யலாம். (2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே ஏற்கும் மாடல்கள் நிறைய. இணையவில்லை என்றால் முதலில் ரவுட்டரில் அதைப் பாருங்கள்.) முதலில் பார்க்க வேண்டியது, தெர்மோஸ்டாட் எந்தச் சென்சாரை நம்பி ஓடுகிறது என்பது. தரைச் சென்சார், தெர்மோஸ்டாட்டுக்குள்ளேயே இருக்கும் காற்றுச் சென்சார், காற்றை அளந்துகொண்டே தரைக்கு ஒரு உச்ச வரம்பு வைப்பது என மூன்று வழிகள் உண்டு. நம் தெர்மோஸ்டாட் நடைவழியில் இருக்கிறது. அதைக் காற்றுச் சென்சாரில் விட்டுவைத்தால் நடைவழி ரேடியேட்டர் 21 டிகிரிக்குக் கொண்டுபோனதும், ‘போதும்’ என்று குளியலறைத் தரையை அது அணைத்துவிடும். புதுத் தரைச்சூடு வேலையே செய்யவில்லை என்று வரும் போன் அழைப்புகளுக்கு இந்த ஒரு அமைப்பே காரணமாக இருப்பதுண்டு. குளியலறைக்குத் தரைச் சென்சார். அறைக்குள்ளேயே தெர்மோஸ்டாட் இருக்கும் கூடத்துக்குக் காற்றும் தரை வரம்பும்.

உச்ச வரம்பு: மரத் தரைக்கும் லாமினேட்டுக்கும் 27 டிகிரி. கூடங்களில் டைல் தரைக்கு 29, குளியலறைக்கு 33 என்பது ஐரோப்பியத் தர நிர்ணயத்தின் எல்லைகள். காலுக்கு 26, 27 டிகிரியே சுகமாகத்தான் இருக்கும். முதல் நாள் 20-இல் வைத்து, நாளுக்கு ஓரிரண்டு டிகிரி ஏற்றுங்கள்.

ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள டைலைத் தடவிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். ஸ்மார்ட் மீட்டரின் சின்னத் திரை சமையலறையில் இருக்கிறதல்லவா? கெட்டில், வாஷிங் மெஷின் எதுவும் ஓடாத நேரத்தில் தெர்மோஸ்டாட்டின் எண்ணை உயர்த்துங்கள். ரிலே ‘டிக்’ என்று சத்தம் போடும். திரையில் சற்று நேரத்தில் 0.45 கிலோவாட் ஏற வேண்டும். சத்தம் கேட்டும் எண் ஏறவில்லை என்றால் ஹீட்டர் இணைப்பில் கோளாறு. டைல் எவ்வளவு நேரத்தில் சூடாகும் என்பது அடியில் போட்டதைப் பொறுத்தது. இன்சுலேஷன் பலகை இருந்தால் அரை மணி நேரத்தில் காலுக்குத் தெரியும். வெறும் கான்கிரீட் மேல் நேரடியாக விரித்திருந்தால் மணிக்கணக்கில், அதுவும் பாதிச் சூடு கீழே போகும்.

2018 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ‘லாட் 20’ விதியால், இன்று கிடைக்கும் தரைச்சூட்டுத் தெர்மோஸ்டாட்டுகளில் வாராந்திர நேர அட்டவணையோடு கூடுதல் வசதி ஏதாவது ஒன்றும் இருக்கும். அவற்றில் ஒன்று, தரை சூடாக எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று தானே கற்றுக்கொண்டு முன்கூட்டியே தொடங்குவது. இது இயங்கும் மாடலில் ‘6.30’ என்று வைத்தால் ஆறரைக்குத் தரை சூடாக இருக்கும் என்று பொருள். ஆறரைக்கு வேண்டுமே என்று நீங்களும் முன்யோசனையாக 5.30 வைத்தால், யாரும் எழாத வீட்டில் ஒரு மணி நேரம் மின்சாரம் போகும். பிரிட்டனில் அண்மைக் காலமாக மின்சாரம் எரிவாயுவைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு விலை. காலையில் இரண்டு மணி நேரமும் இரவில் ஒரு மணி நேரமும் இடைவிடாமல் எரிந்தாலும் நம் மேட் 1.35 யூனிட்தான் தின்னும். யூனிட் 25 பென்ஸ் என்று வைத்துக்கொண்டால் 34 பென்ஸ். நாள் முழுக்கப் போட்டுவைக்கும் வீட்டில்தான் பில் கடிக்கும்.

பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவோர்க்கு

வீடு வாங்கும்போதே தரைச்சூடு இருந்தது, தெர்மோஸ்டாட் மட்டும் செத்துவிட்டது என்பவர்கள் நிறைய. இங்கே கவனிக்க வேண்டியது பழைய சென்சாரின் வகை. எல்லா நிறுவனமும் 10 கிலோ ஓம் போடுவதில்லை. 12 உண்டு, 15 உண்டு. 10 எதிர்பார்க்கும் புதுத் தெர்மோஸ்டாட்டில் 12 கிலோ ஓம் சென்சாரை மாட்டினால், 25 டிகிரித் தரையை அது 21 என்று படிக்கும். 15 என்றால் 16 என்று படிக்கும். திரையில் 25 வரும் வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். உண்மையில் தரை 34, 35-ஐத் தொட்டிருக்கும். டைலாவது பொறுக்கும். மரத் தரை பலகைக்குப் பலகை இடைவெளி விட்டுப் பிளக்கும். நீங்கள் வைத்த 27 டிகிரி வரம்பும் அதே பொய் எண்ணைத்தான் பார்க்கிறது.

ஆகவே கழற்றும் முன் பழைய இணைப்பை ஒரு போட்டோ எடுங்கள். மெயினைப் பூட்டிவிட்டு, தரை பல மணி நேரம் ஆறிய பின் சென்சாரை அளந்து, தரையின் மேல் ஒரு தெர்மாமீட்டரை வைத்துச் சூட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். 20 டிகிரியில் 12.5 காட்டினால் 10 கிலோ ஓம் வகை. 15 பக்கம் காட்டினால் 12. 19-க்கு அருகே என்றால் 15. பல புது மாடல்களில் சென்சார் வகையை மெனுவில் தேர்ந்தெடுக்கலாம், வாங்கும் முன் கையேட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். சென்சார் செத்தே போய், பைப்பும் இல்லை என்றால், தெர்மோஸ்டாட் அதே அறையில் இருக்கும்பட்சத்தில் டைல் தரையைக் காற்றுச் சென்சாரில் ஓட்டலாம். மரத் தரையை அப்படி ஓட்டாதீர்கள்.

ஆர்.சி.டி. அடிக்கடி விழுந்தால் அது தெர்மோஸ்டாட்டின் குற்றமாக இருப்பது அரிது. மேட்டின் வால்ஒயரைக் கழற்றி மெகர் வைக்கச் சொல்லுங்கள். கேபிளில் பழுது என்றாலும் முழுத் தரையும் போய்விடவில்லை. பழுது இருக்கும் இடத்தைக் கருவிகொண்டு கண்டுபிடித்து, ஓரிரு டைலை மட்டும் எடுத்து ஒட்டுப்போடும் தொழில்காரர்கள் இருக்கிறார்கள்.

நம் வீடுகளுக்கு மட்டும் ஒரு குறிப்பு

தயாரிப்பாளரின் கையேடு சோபாவைப் பற்றியும் கம்பளத்தைப் பற்றியும் பேசும். 20 கிலோ அரிசி மூட்டையைப் பற்றிப் பேசாது. சமையலறைத் தரைச்சூட்டின் மேல் மூட்டையைச் சாய்த்து வைத்தால் அடியில் சூடு வெளியேற வழியில்லாமல் தேங்கும். சென்சார் வேறு இடத்தில் இருப்பதால் தெர்மோஸ்டாட்டுக்கு அது தெரியவே தெரியாது. அந்த இடத்தில் கேபிளுக்கும் கேடு, அரிசிக்கும் கேடு. ஊரிலிருந்து உறவினர் வந்தால் கூடத்தில் வரிசையாக மெத்தை விரிப்போமே, அதுவும் இதே கதைதான். அந்த இரவுகளில் கூடத்துத் தெர்மோஸ்டாட்டை அணைத்துவிடுங்கள். ‘விடுமுறை’ என்ற அமைப்பில் தேதி கொடுத்து நிறுத்திவைக்கலாம். கால் வைத்த சிறு அலமாரியும், காற்று புகும் பாயும் பரவாயில்லை. கனத்த கம்பளம் என்றால் அதன் அடிவிரிப்போடு சேர்த்து 2.5 டாக் (வெப்பத்தடை அளவு) மதிப்பைத் தாண்டக் கூடாது; கடையில் கேட்டால் சொல்வார்கள்.

குளியலறையில் வாளியும் குவளையும் புழங்கும் வீடென்றால் டைலுக்கு அடியில் நீர்த்தடுப்புப் பூச்சு கட்டாயம் வேண்டும். மேட்டுக்கு மேலேயா கீழேயா என்பது பூச்சைப் பொறுத்தது. பூச்சு நிறுவனத்தின் கையேட்டையும் மேட் நிறுவனத்தின் கையேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முரண்பட்டால் டைல் ஒட்டும் முன் இருவருக்கும் மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் கையில் இருக்க வேண்டியவை: மூன்று அளவுகளும் நிரப்பிய அட்டை, எலக்ட்ரீஷியனின் மின்சான்று, சில வாரங்களில் தபாலிலோ மின்னஞ்சலிலோ வரும் கட்டட விதி இணக்கச் சான்று, டைலுக்கு முன் மேலிருந்து எடுத்த மேட்டின் போட்டோ. போட்டோவில் ஒரு அளவு நாடாவைச் சுவரோரம் விரித்து வைத்து எடுங்கள். நாளை கதவுத் தடுப்பானுக்குத் தரையில் துளை போட வருபவருக்கு கேபிள் எங்கே ஓடுகிறது என்று அதை வைத்துத்தான் காட்ட முடியும். அட்டையின் நகலை கன்ஸ்யூமர் யூனிட்டுக்கு அருகே ஒரு பிளாஸ்டிக் உறையில் ஒட்டிவையுங்கள். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் சொலிசிட்டர் இணக்கச் சான்றைக் கேட்பார், அதை வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள்.